கரண்ட் எது வரைக்கும் வருது?

பெரியப்பாவின் புல்லட்டில் ஹெட்லைட்டை முதன்முதலாகக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஊரில் உள்ள ஒயரெல்லாம் இருந்தது. கம்பெனி போட்டது சாயம் வெளுத்து, பச்சை எது கறுப்பு எது என்று தெரியாமல் மண் நிறத்தில் கிடந்தது. அதோடு வீட்டுக்கு லைட் போடுகிற சிவப்பு ஒயர், ரேடியோவுக்குள் ஓடுகிற மெல்லிய ஒயர், ஸ்பீக்கருக்குப் போகும் இரட்டை ஒயர் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஒட்டுப் போட்டிருந்தார்கள். டேப் தீர்ந்துபோன ஏதோ ஒரு நாளில் யாரோ சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார்கள். பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை மடித்துச் செருகியிருந்தது.

1974-ல் திருவொற்றியூரில் செய்த வண்டி. 346 சிசி, 6 வோல்ட், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் தொடங்கியது என்ஃபீல்டு இந்தியா. அங்கே கடையைக் கட்டிய பிறகும் இங்கே அதே வடிவத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். பெரியப்பா அதைப் புதிதாக வாங்கவில்லை. காஞ்சிபுரம் பக்கத்து ரைஸ்மில்காரர் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினார். தபால் தந்தி இலாகாவில் அவர் லைன் இன்ஸ்பெக்டர். தந்திக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே மைல் கணக்கில் போகிற வேலை. ரிட்டயராகி, முட்டி வலி வந்து, கிக்கரை மிதிக்க முடியாமல் போனதும் யார் யாரோ இரவல் வாங்கி ஓட்டினார்கள். கடைசியில் உத்திரமேரூர் வீட்டுச் சாய்ப்பில் வைக்கோலோடு நின்றது. "நீ எடுத்துக்கிட்டுப் போடா, இங்க எலிக்குத்தான் வீடா இருக்கு" என்று பெரியப்பா சொன்னது தொண்ணூறுகளின் கடைசியில்.

என்ஜினில் பெரிதாகக் கோளாறில்லை. இருந்ததெல்லாம் கரண்ட்டில். நம் ஊர் மெக்கானிக்குகள் என்ஜினைப் பிரித்துச் சாக்கில் பரப்பத் தயங்கவே மாட்டார்கள். ஒயரிங் என்று சொன்னால் மட்டும் "அது எலக்ட்ரீஷியன் வேலை சார்" என்று ஒதுங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. என்ஜின் கோளாறு சத்தமாகவோ புகையாகவோ எண்ணெய்க் கசிவாகவோ வெளியே வந்துவிடும். கரண்ட் கோளாறில் வண்டி நிற்கும், அவ்வளவுதான்.

புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு நடுவே, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கடை. அதில் ஒரு பாய் இருந்தார். ஆட்டோ எலக்ட்ரீஷியன். வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோருமே தீர்ப்போடு வருவார்கள். "காயில் போச்சு பாய்", "பேட்டரி டவுனு பாய்", "டைமிங் மாறிடுச்சு பாய்". பாய் எதற்கும் தலையாட்ட மாட்டார். "கரண்ட் எது வரைக்கும் வருது?" என்று கேட்பார். பதில் தெரியாது. ஒரு பழைய பார்க்கிங் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து, ஒரு முனையில் முதலை வாய் கிளிப், மறுமுனையில் கூராகத் தீட்டிய சைக்கிள் ஸ்போக் வைத்திருந்தார். கிளிப்பை என்ஜினில் மாட்டுவார். ஸ்போக்கை முதலில் பேட்டரியில் வைக்க மாட்டார். நேரே காயிலுக்குக் கரண்ட் வருகிற முனையில் வைப்பார். பல்பு எரிந்தால் பேட்டரி, ஃபியூஸ், அம்மீட்டர், சாவி ஸ்விட்ச் எல்லாம் ஒரே தொடலில் தேறிவிட்டன. எரியாவிட்டால் பின்பக்கம் போக வேண்டும். வழியை நடுவில் வெட்டிப் பார்க்கிற இந்த முறையை யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. மல்டிமீட்டர் ஒன்றும் கடையில் இருந்தது, ஆனால் அது ஆணியில் தொங்கியது. மீட்டர் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. அதில் விஷயம் இருக்கிறது. இற்றுப்போன ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 6 வோல்ட் காட்டிவிடும், ஏனென்றால் மீட்டர் அதிலிருந்து கரண்ட்டே எடுப்பதில்லை. பல்பு எடுக்கும். அரித்துப்போன ஒற்றை இழையில் பல்பு மங்கிவிடும்.

என் வண்டியில் முதல் நாள் ஸ்போக்கை எங்கே வைத்தும் பல்பு எரியவில்லை. பேட்டரி புதிது. பாய் முதலை கிளிப்பை என்ஜினிலிருந்து எடுத்து நேரே பேட்டரியின் எர்த் முனையில் மாட்டினார். எரிந்தது. பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் ஒயரை முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினால், அடியில் பளபளவென்று கறுப்புப் பெயின்ட். யாரோ சேஸிஸுக்கு அழகாகப் பெயின்ட் அடித்து, அதன்மேலேயே எர்த்தை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தைச் சுரண்டினார், முடிந்தது. ஒரு டீ காசுதான் வாங்கினார்.

இந்த வண்டியைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது பாயின் பல்புக்கு அடுத்தபடியாக அம்மீட்டர்தான். ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி. நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ். அழகுக்கு வைத்தது என்று நினைத்துக்கொண்டு முப்பது வருடம் புல்லட் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். சாவியைப் போட்டு, டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மெல்ல அழுத்திப் பாருங்கள். காயில் கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கிற பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடும். முள் மைனஸ் பக்கம் மூன்று நான்கு ஆம்பியர் சாயும். பாயிண்ட் திறந்த நொடி முள் நடுவுக்குத் திரும்பும். புல்லட்டைக் கிளப்பத் தெரிந்தவர்கள் முள் நடுவுக்கு வருகிற அந்த இடத்தைப் பிடித்துத்தான் மிதிப்பார்கள். பலம் அதிகம் வேண்டாம்.

கோளாறு பார்க்கவும் இதே முள் போதும். எவ்வளவு அழுத்தியும் முள் நடுவிலேயே நின்றால் காயிலுக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது பாயிண்ட்டில் அழுக்கு. சாய்ந்த முள் திரும்பவே இல்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது பாயிண்ட் ஒயர் எங்கேயோ பாடியில் எர்த் அடிக்கிறது, அல்லது கண்டென்சர் உள்ளே ஷார்ட். சாவி போட்டதும் முள் கடைசிவரை போய் முட்டிக்கொண்டால் உடனே சாவியைப் பிடுங்க வேண்டும். எங்கேயோ ஒயர் வெந்துகொண்டிருக்கிறது. இவ்வளவையும் ஒரு டூல்ஸும் இல்லாமல் சீட்டில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்ளலாம். இந்த அம்மீட்டரை எடுத்துவிட்டு எச்சரிக்கை விளக்கு வைப்பதை முன்னேற்றம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விளக்கு எரிந்தால் கடைக்குப் போ என்று அர்த்தம். முள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லும். அம்மீட்டருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வண்டியின் கரண்ட் முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது. அதன் பின்னால் இருக்கும் இரண்டு நட்டில் ஒன்று அதிர்வில் தளர்ந்தால் ஹாரன், லைட், என்ஜின் எல்லாம் ஒரே நேரத்தில் போகும்.

ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி நின்ற கதை வேறு. காலையில் ஒரே மிதியில் கிளம்பும். தாம்பரம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. பாலாற்றுப் பாலம் தாண்டி, படாளம் தாண்டி, மதுராந்தகம் ஏரிக்கரைக்கு வரும்போது மிஸ்ஸிங் தொடங்கும். சைலன்ஸரில் ஒன்றிரண்டு வெடி. பிறகு நின்றுவிடும். டீக்கடையில் உட்கார்ந்து எழுந்து மிதித்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். உத்திரமேரூருக்குப் படாளத்திலேயே திரும்பியிருக்கலாம். அன்றைக்கு எனக்குத் திண்டிவனத்தில் வேலை.

சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும் என்ற கோளாறுக்கு ரோட்டோரம் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெட்ரோல் மூடியில் காற்றுத் துளை அடைப்பு என்றார் ஒருவர். அது நடக்கக்கூடியதுதான், டேங்குக்குள் காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்து வைத்தும் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றி ஹெட்டின் மேல் சாய்த்து வைத்து மிதித்தார் இன்னொருவர். பொறி வந்தது. "கரண்ட் வருது சார், அப்ப கார்பரேட்டர்தான்" என்று முடித்துவிட்டார். இந்தத் தீர்ப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டிருக்கிறேன். வெளியே காற்றில் பொறி பாய்வது சுலபம். சிலிண்டருக்குள் பெட்ரோல் காற்று அழுந்தி நிற்கிறது. அங்கே அதே இடைவெளியைத் தாண்ட அதைவிட மிக அதிக வோல்ட் வேண்டும். வெளியே வந்த பொறி உள்ளே வராமல் போகலாம். பிளக் ஒயரின் முனையை ஹெட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்தால் அந்தத் தூரத்தைத் தாண்டி நீலமாக, டிக்கென்று சத்தத்தோடு விழ வேண்டும். அன்றைக்கு விழுந்தது நூல் மாதிரி ஒரு ஆரஞ்சு நிறப் பொறி. அதுவும் ஒயரை நெருக்கிப் பிடித்தபோதுதான்.

ஏன் அப்படி என்பதற்கு உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காயிலுக்குள் இரும்பைச் சுற்றி இரண்டு சுற்று. தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம். பாயிண்ட் மூடியிருக்கும்போது தடித்த சுற்றில் பேட்டரி கரண்ட் ஓடி இரும்பைக் காந்தமாக்கும். பாயிண்ட் திறந்ததும் காந்தம் சரிந்து, அந்தச் சரிவில் மெல்லிய சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பிப் பிளக்கில் பாயும். காந்தம் எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவுக்குப் பொறி பலம். ஆனால் பாயிண்ட் திறக்கும்போது ஓடிக்கொண்டிருந்த கரண்ட் சும்மா நிற்காது. அந்த மெல்லிய இடைவெளியிலேயே தாவப் பார்க்கும். தாவினால் சரிவு மெதுவாகிவிடும். அதைத் தன்னுள் வாங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த இந்த ஏற்பாடு 1910-ல் கேடிலாக் காரில் வந்தது. அதே ஏற்பாடுதான் 1974-ல் திருவொற்றியூரில் செய்த வண்டியிலும் இருந்தது.

மதுராந்தகத்தில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு கார் மெக்கானிக் ஷெட். அதன் ஓலை நிழலில் வண்டியை நிறுத்தி, பாயிண்ட் டப்பாவின் மூடியைக் கழற்றிவிட்டு மிதித்தோம். பாயிண்ட் இரண்டுக்கும் நடுவே மஞ்சளாகக் கொழுத்த தீ. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக இருக்க வேண்டியது அது. பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் பள்ளம், எதிர்ப்பக்கம் அதற்குச் சரியாக ஒரு மேடு. கண்டென்சர்தான். புல்லட்டில் அது அந்த டப்பாவுக்குள்ளேயே, என்ஜின் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருக்கும். வெந்த பிறகு கசிய ஆரம்பிக்கும்.

புல்லட் கண்டென்சருக்கு மதுராந்தகத்தில் எங்கே போவது? ஷெட்காரர் தகர டப்பா ஒன்றைக் கவிழ்த்து, அம்பாசிடர் காரின் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கழற்றிய கண்டென்சர் ஒன்றை எடுத்தார். "ஒத்து வருமா?" என்றேன். "அதுக்குத் தெரியுமா சார், இது காரா பைக்கானு?" என்றார். பாயிண்ட் வைத்த வண்டி எதுவானாலும் கண்டென்சரின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், 0.2 மைக்ரோஃபேரட்டை ஒட்டி. பழையதன் இணைப்பை வெட்டிவிட்டு, டப்பாவுக்கு வெளியே சேஸிஸில் கிளிப் போட்டு அதை முடுக்கி, ஒரு முழ ஒயரில் இணைப்பு கொடுத்தார். திண்டிவனம் போய்த் திரும்பும்வரை ஒரு மிஸ்ஸிங் இல்லை. அந்த அம்பாசிடர் கண்டென்சர் அங்கேயே பல வருடம் இருந்தது. தற்காலிகமாகப் போட்டது, சூட்டிலிருந்து தள்ளி இருந்ததால் கம்பெனி வைத்த இடத்தில் இருந்ததைவிட நன்றாகவே உழைத்தது.

பாயிடம் சொன்னபோது அவருக்கு ஷெட்காரர்மேல் மரியாதை வந்துவிட்டது. கண்டென்சரை அவர் சோதிக்கிற விதத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். சுவர் பிளக்கிலிருந்து வரும் 230 வோல்ட்டை ஒரு குண்டு பல்பு வழியாகக் கண்டென்சருக்குக் கொடுப்பார். பல்பு எரிந்தால் அது ஷார்ட், குப்பைக்கு. எரியாவிட்டால் ஒயரை எடுத்துவிட்டுக் கண்டென்சரின் வாலை அதன் தகர உடம்பில் தொடுவார். டப்பென்று ஒரு வெடி வர வேண்டும். வீட்டு கரண்ட் ஏறி இறங்குவதால் எந்த நொடியில் எடுத்தோம் என்பதைப் பொறுத்துச் சில முறை வெடிக்காது. மறுபடி வைப்பார், மறுபடி எடுப்பார். ஒரு சிட்டிகை பயமும் இல்லாமல் இதைச் செய்வார். நான் வீட்டில் இதை முயலவில்லை, யாரையும் முயலச் சொல்லவும் மாட்டேன். புதுக் கண்டென்சர் வாங்கினாலும் சோதித்துத்தான் தருவார். அட்டைப் பெட்டியில் புதிதாக வருவதில் பாதி பிறக்கும்போதே செத்தது என்பார். பெட்டிக்குள் எதைப் போட்டாலும் புதுசு என்று விற்கிற காலம் அப்போதே வந்துவிட்டது.

டைமிங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குச் சற்று முன் பாயிண்ட் திறக்க வேண்டும். பாயிண்ட்டுக்கு நடுவே சிகரெட் காகிதத்தைச் செருகி, கிக்கரை மெல்ல நகர்த்தி, காகிதம் தளர்கிற இடத்தைப் பிடிப்பார்கள். பெரியப்பா சுருட்டுக்காரர் என்பதால் தந்தி ஃபாரத்தின் மெல்லிய கார்பன் நகலைக் கிழித்துப் பயன்படுத்துவாராம். இதில் ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். என்ஜின் வேகமெடுக்கும்போது டைமிங்கை முன்னே தள்ள, பாயிண்ட்டுக்கு அடியில் ஸ்பிரிங் பூட்டிய இரண்டு எடைகள் இருக்கின்றன. கிரீஸ் காய்ந்து அவை விரிந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால், நீங்கள் மிதிக்கும் மெதுவான வேகத்துக்குப் பொறி ரொம்ப முன்னதாக விழும். கிக்கர் திருப்பி அடிக்கும். எங்கள் தெருவில் ஒருவர் கணுக்காலில் மாவுக்கட்டோடு ஒரு ஆடி மாதம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததற்கு இரண்டு துளி எண்ணெய் போடாததுதான் காரணம். அவர் வண்டியை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டார்.

என்னை அதிகம் அலைக்கழித்தது யூ டர்ன் கோளாறு. நேராக ஓடும்போது நிற்காது. பள்ளத்தில் இறங்கினாலும் நிற்காது. தெருமுனையில் ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் மட்டும் என்ஜின் அணைந்துவிடும். அதுவும் எல்லா நாளும் கிடையாது. மவுண்ட் ரோடு சிக்னலில் ஒருமுறை பின்னால் வந்த பஸ்காரர் என் குடும்பத்தையே விசாரித்தார். இத்தகைய கோளாறில் பார்ட்ஸ் மாற்றிக்கொண்டே போனால் பணத்துக்கு முடிவில்லை. கோளாறு வருகிற நேரத்தில் பார்க்க வேண்டும், அல்லது அதை வரவழைக்க வேண்டும்.

பாய் வரவழைத்தார். வண்டியை ஸ்டாண்ட் போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில் நிறுத்தி, சாவியைப் போட்டார். அம்மீட்டர் முள் மைனஸில் சாய்ந்து நின்றது. "முள்ளப் பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஹேண்டிலை விரல் விரலாக இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். கடைசி இரண்டு அங்குலத்தில் முள் துடித்தது, பிறகு நடுவுக்கு வந்து நின்றுவிட்டது. லைட் ஸ்விட்ச்சைப் போட்டார்; ஹெட்லைட் எரிந்தது. அப்படியானால் அம்மீட்டர் வரைக்கும் குறையில்லை. ஹெட்லைட் கூட்டிலிருந்து சேஸிஸின் கழுத்தைத் தாண்டிக் காயிலுக்கு இறங்குகிற ஒயரில்தான் விஷயம்.

டேங்கைக் கழற்றி அந்தக் கழுத்துப் பகுதியை வெளிப்படுத்தியதும் பாய் செய்ததை நான் இப்போதும் செய்கிறேன். ஒவ்வொரு ஒயரையும் இரண்டு கையின் கட்டைவிரல் ஆள்காட்டி விரல்களுக்கு நடுவே ஒரு அங்குலம் விட்டுப் பிடித்து மெல்ல இழுப்பார். உள்ளே செம்பு முழுதாக இருந்தால் ஒயர் இழுபடாது. அறுந்த இடத்தில் மேலுறை மட்டும் ரப்பராக நீண்டு மெலியும். வெள்ளையாக இருந்திருக்கக்கூடிய ஒரு ஒயர் அவர் விரல்களுக்கு நடுவே அப்படி நீண்டது. பக்கத்திலேயே ஒரு ஜாயிண்ட். மற்ற ஜாயிண்ட்டெல்லாம் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பின்னல் முறுக்கி டேப் ஒட்டியவை, தொட்டாலே ஆடும். இது அப்படி இல்லை. டேப்பைப் பிரித்தால் அடியில் மெழுகு போட்ட நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. நூலையும் பிரித்தால், ஒரு ஒயர் இன்னொன்றின்மேல் ஆறு சுற்று, அது இதன்மேல் ஆறு சுற்று, இடைவெளி தெரியாமல், முழுக்க ஈயம் பற்றி வெள்ளியாக மின்னியது.

"இது யாரு போட்ட ஜாயிண்ட்டு?" என்றார் பாய்.

"எங்க பெரியப்பா. தந்தி இலாகால இருந்தவரு."

"அதானே பாத்தேன். கம்பத்துல போடற ஜாயிண்ட்டு."

இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அந்த ஜாயிண்ட்டிலிருந்து ஒரு கட்டைவிரல் நகம் தள்ளி ஒயரைப் பிளேடால் சீவினார். பற்றவைத்தபோது ஈயம் உருகி மேலுறைக்கு அடியிலும் இழைகளுக்குள் ஏறியிருந்தது. ஈயம் ஏறிய வரைக்கும் ஒயர் குச்சியாகிவிட்டது; ஏறாத இடத்திலிருந்து மறுபடி ஒயர். குச்சி முடிந்து ஒயர் தொடங்குகிற அந்த எல்லையில், ஹேண்டில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வளைந்து வளைந்து, இழை இழையாக அறுந்திருக்கிறது. இடப்பக்கம் திருப்பினால் அறுந்த முனைகள் விலகும், நேராக்கினால் தொட்டுக்கொள்ளும். தந்திக் கம்பத்தில் கம்பி திரும்புவதில்லை. அங்கே நூறு வருடம் நிற்க வேண்டிய ஜாயிண்ட் இங்கே வண்டிக் கழுத்தில் தன் பலத்தாலேயே பக்கத்து ஒயரைக் கொன்றுவிட்டது. சைக்கிள் டியூப் சுற்றியவர்களின் ஜாயிண்ட் அந்த இடத்தில் இருந்திருந்தால் அது தளர்வாகவே ஆடிக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும் என்று தோன்றுகிறது.

பாய் அதை வெட்டி எடுத்துவிட்டு, ஸ்விட்ச்சிலிருந்து காயில்வரை நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே ஒயராக இழுத்தார். கழுத்தில் ஹேண்டில் திரும்ப ஒரு வளைவு தளர்வாக விட்டார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சாய்வு நாற்காலியிலிருந்து எழவில்லை. "ஜாயிண்ட் விட்டுச்சா, ஒயர் அறுந்துச்சா?" என்றார். "ஒயர்தான் பெரியப்பா." "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார்.

அதற்குப் பிறகு முழு ஒயரிங்கையும் மாற்றிவிட முடிவு செய்தேன். 6 வோல்ட் வண்டியில் ஒட்டு போடுவது கட்டுப்படியாகாது. 12 வோல்ட்டில் 30 வாட் பல்பு எடுப்பது 2.5 ஆம்பியர், 6 வோல்ட்டில் அதே வாட் பல்பு 5 ஆம்பியர் எடுக்கும். கரண்ட் இரண்டு மடங்கு என்றால் மோசமான ஜாயிண்ட்டில் வீணாகிற வோல்ட்டும் இரண்டு மடங்கு. அப்படி ஒரு வோல்ட் போனால் 6-ல் ஒரு பங்கு போயிற்று. பழைய புல்லட்டின் ஹெட்லைட்டை அரிக்கேன் விளக்கென்று கேலி செய்கிறவர்கள் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எர்த்தைச் சுரண்டிப் பார்க்க மாட்டார்கள். பாய் கடை வாசலில் பலகையில் ஆணி அடித்து, கம்பெனி மேனுவலில் உள்ள நிறப்படியே ஒயர்களை நீட்டி, முடிந்தவரை தடித்த ஒயராகப் போட்டு, புது ஒயரிங் கிட் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். ஹாரனுக்கு மட்டும் சரியான நிறம் கிடைக்காமல் பச்சை போட்டார். அதைப் படத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். டூல்பாக்ஸ் மூடியின் உள்பக்கம் அந்தப் படம் ஒட்டியிருக்கிறது.

இப்போது வண்டியை அண்ணன் மகனும் ஓட்டுகிறான். அவனுக்குப் பாயிண்ட்மேல் பொறுமை இல்லை. "எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுடலாம் சித்தப்பா, 12 வோல்ட்டா மாத்திடலாம். எல்லாரும் மாத்திட்டாங்க" என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தேயும் பாயிண்ட் இல்லை, வேகும் கண்டென்சர் இல்லை, மழையில் நிற்பதும் குறையும். என் பதில் ஒன்றுதான்: அந்தப் பெட்டி நின்றால் ரோட்டோரம் அதைத் திறந்து பார்க்க ஒன்றுமில்லை, பாயிண்ட்டை நகம் தேய்க்கும் அரத்தால் சுரண்டிவிட்டு வீடு வந்து சேரலாம். "பெட்டி நிக்காது சித்தப்பா" என்கிறான். அதுவும் பெரும்பாலும் உண்மைதான். பேச்சு அங்கேயே நிற்கும்.

போன மாதம் சார்ஜ் ஏறுவது குறைந்துவிட்டது. என்ஜினை முறுக்கினாலும் முள் பிளஸ் பக்கம் போக யோசிக்கிறது. ரெக்டிஃபையரைச் சோதித்தாயிற்று, நன்றாக இருக்கிறது. இடப்பக்கச் செயின் கேஸுக்குள் எண்ணெயில் ஊறியே கிடந்த ஸ்டேட்டர் சுற்றுதான் போயிருக்க வேண்டும். புதிது வாங்கு என்று அவனிடம் பணம் கொடுத்தேன். பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் 12 வோல்ட் ஸ்டேட்டர். கடைக்காரன் மாற்றி அனுப்பிவிட்டான் என்கிறான். பில்லைக் கேட்டேன், தேடுகிறேன் என்றான். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.